எல்லோரும் செய்தால் நியாயமாகிவிடுமா?



ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதலாம் என்று எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் கூடிப் பேசினோம். மரம் வளர்ப்பு, நேரத்தின் அருமை, பெண் கல்வி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து, "போன வருஷம் நாம் செய்ததைப் பற்றி எழுதலாமே" என்றாள். வகுப்பே அடங்கிவிட்டது. பிறகு யாரும் வேறு தலைப்புச் சொல்லவில்லை.

போன ஆண்டு சுற்றுலாவுக்காகச் சேர்த்த பணம் 2,300 ரூபாய், ஒரு மதிய இடைவேளையில் காணாமற்போயிற்று. அன்று தலைவலி என்று சொல்லி வகுப்பிலேயே தங்கியிருந்தவள் ஒரே ஒரு மாணவி. அவள் வீட்டில் பணக் கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். "அவளாகத்தான் இருக்கும்" என்று முதலில் சொன்னவள் யார் என்று இன்று கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. ஐந்து நிமிடத்தில் அது வகுப்பின் தீர்ப்பாகிவிட்டது. இருவர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அவளுடைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். இன்னொருத்தி கன்னத்தில் ஓர் அறை கொடுத்தாள். மற்ற நாங்கள் சுற்றி நின்றோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி மட்டும், "அவள் எடுத்ததை யார் பார்த்தது?" என்று கேட்டாள். "நீயும் கூட்டா?" என்று திரும்பக் கேட்டோம். அத்தோடு அந்தக் குரலும் அடங்கிற்று. ஒன்பது நாள் அவளோடு யாரும் பேசவில்லை.

பத்தாம் நாள் பணம் கிடைத்தது. கணக்கு வைத்திருந்த மாணவியின் அட்லஸ் அட்டைக்குள், அவளே வைத்து மறந்துபோன கவரில், ஒரு ரூபாய் குறையாமல் இருந்தது.

சிஸ்டர் எங்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னோம்: "எல்லோரும் செய்தார்கள் சிஸ்டர், நானும் இருந்தேன்." கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள் அதோடு ஒரு காரணமும் சேர்த்தோம்: "உண்மை வெளியே வரவேண்டும் என்றுதான் சிஸ்டர்." அவர்கள் எங்களைத் திட்டவில்லை. "இந்த இரண்டு பதிலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பத்திரிகை படிக்கும்போது இவை எங்கெங்கே வருகின்றன என்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

பார்த்தோம். நாங்கள் நினைத்ததைவிட அதிக இடங்களில் வந்தன. அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒத்த வயதினரும் ஒரே வேலையில் இருப்போரும் கூடும் கூட்டத்தைப் பாட நூல்கள் ஒப்பார் குழு என்கின்றன. அந்தக் குழு நமக்குப் பல நன்மைகளைச் செய்கிறது. பாடம் புரியாதபோது சொல்லித் தருவதும், மின்சார ரயிலில் இடம் பிடித்து வைப்பதும், அழும்போது தோள் கொடுப்பதும் அதுதானே? ஆனால் அதே குழு, தனியாக இருக்கும்போது நாம் செய்யத் துணியாத காரியத்தைக் கூட்டாகச் செய்ய வைக்கவும் வல்லது. வகுப்பறையில் இது நடந்தால் ஒரு பெண் ஒன்பது நாள் அழுவாள். கையில் தடியும் சட்டையில் நட்சத்திரமும் உள்ளவர்களிடையே இது நடந்தால் என்ன ஆகும்?

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2020-ஆம் ஆண்டு ஜூன் 19. கொரோனா ஊரடங்குக் காலம். அனுமதித்த நேரத்துக்கு மேல் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்ற வியாபாரியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப் போன மகன் பென்னிக்ஸும் திரும்பவில்லை. இருவரும் அன்றிரவு நிலையத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். மறுநாள் மருத்துவச் சான்று தரப்பட்டது. காவலில் வைக்க உத்தரவும் தரப்பட்டது. கோவில்பட்டிக் கிளைச் சிறையின் கதவு திறந்து மூடிற்று. ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 காலை தந்தை இறந்தார்.

குற்றச்சாட்டு உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் கடை அடைக்க நேரமானது எவ்வளவு பெரிய குற்றம்? அபராதத்தோடு தீர்ந்துபோகக்கூடியது. அதற்கு இரண்டு உயிர்.

காவலர்கள் முதலில் எழுதி வைத்த காரணம் என்ன தெரியுமா? அவர்களே தரையில் விழுந்து புரண்டதால் காயம் ஏற்பட்டது என்பது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே இவ்வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவருக்கு அந்த நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை; ஏளனப் பேச்சுத்தான் கிடைத்தது. கேமராப் பதிவுகளோ அன்றன்றைக்கு அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன. நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. பிறகு சி.பி.ஐ. விசாரித்து, 2020 செப்டம்பரில் ஒன்பது காவல் துறையினர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இந்த வழக்கில் எங்கள் மனத்தை விட்டு அகலாதவர் ஒருவர் உண்டு. அன்றிரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி. இருவரும் விடிய விடிய அடிக்கப்பட்டதையும், தடிகளிலும் மேசையிலும் இரத்தக் கறை படிந்திருந்ததையும் நடுவரிடம் சொன்னவர் அவர். சொல்லும்போது பயந்தார், வாக்குமூலத்தில் கையெழுத்திடவும் முதலில் தயங்கினார். பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகே கையெழுத்திட்டார். வெளியே நின்றவர்கள் யாரோ எதிரிகளா? இல்லை. அவரோடு ஒரே நிலையத்தில் வேலை பார்த்த சகாக்கள். அவர்களுக்கு அஞ்சித்தான் உண்மை பேசுகிறவர் நடுங்க வேண்டியிருந்தது. ஒப்பார் குழுவின் அழுத்தம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

அத்துடன் இப்படி நடப்பது முடிந்துவிடவில்லை. 2025 ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்திரகாளியம்மன் கோவிலில் காவலாளியாக வேலை பார்த்த அஜித்குமார் என்ற இளைஞரைத் திருப்புவனம் காவல் துறையினர் விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். கோவிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்த நகை காணவில்லை என்பது புகார். அடிபட்டு அவர் இறந்தார். உடலில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. அடிப்பதை மறைவிலிருந்து ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். அந்தப் படம் இல்லாவிட்டால் இங்கேயும் யாராவது தரையில் விழுந்து புரண்டதாகவே எழுதப்பட்டிருக்குமோ என்னவோ! உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.யிடம் போயிற்று.

இதைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொருள் ஒன்று காணவில்லை. அருகில் இருந்தவர் ஏழை. ஆகவே அவர்தான் எடுத்திருக்க வேண்டும். ஆகவே அடித்தால் உண்மை வரும். எங்கள் கணக்கும் இதே கணக்குத்தானே!

"அடியாத மாடு படியாது" என்கிறோம். "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்கிறோம். இந்தப் பழமொழிகளோடு வளர்ந்தவர்கள் நாம். அடிப்பதற்கு நம் நாட்டில் பழைய வரலாறும் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை இருந்தது. காலைத் தூக்கிக் கழுத்தோடு பிணைக்கும் அண்ணாந்தாள் என்ற தண்டனையும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில் நிலவரி கட்ட முடியாத குடியானவர்களையும் இதே போல் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் போட்டார்கள். கிட்டி போட்டு விரல்களை நெரித்தார்கள். கிட்டி என்பது ஒரு பக்கம் கட்டிய இரண்டு கட்டைகள். எலுமிச்சம்பழம் பிழிவது போல் நடுவில் விரலை வைத்து நெரிப்பது.

இந்தக் கொடுமைகளை ஆராய சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் கமிஷனே அமைந்து, 1855-இல் அறிக்கை தந்தது. நம் பூவிருந்தவல்லி, ஆவடிப் பகுதிகளும் செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக அம்மாகாணத்தில் அடங்கியிருந்தவைதாம். வரி வசூலிப்போரிடமும் காவல் பணியாளரிடமும் சித்திரவதை பரவலாக இருந்ததைக் கமிஷன் ஒப்புக்கொண்டது. அதன்பின் 1859-இல் சட்டம் செய்து, காவல் துறையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தார்கள். 1872-இல் வந்த சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. அடித்து வாங்கும் உண்மை உண்மையல்ல என்பதைச் சட்டம் அன்றே அறிந்திருந்தது. அறியாதவர்கள் பெஞ்சைச் சுற்றி நின்ற நாங்கள்தாம்!

தனியாகப் பார்த்தால் நல்லவர்களாக இருப்பவர்கள் கூட்டத்தில் ஏன் இப்படி மாறிவிடுகிறார்கள்? இதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சோதனைகள் விடை சொல்கின்றன.

1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளநூல் அறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற்கோட்டுக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அறிஞரோடு முன்னமே பேசி வைத்துக்கொண்டவர்கள். அவர்கள் வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னார்கள். உண்மை தெரியாத அந்த ஒருவர் என்ன செய்தார்? சோதனைக்கு வந்தவர்களில் நால்வரில் மூவர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்னார்கள். தம் கண்ணையே நம்பவில்லை!

1961-இல் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் யேல் பல்கலைக்கழகத்தில் இன்னும் கடுமையான சோதனையைத் தொடங்கினார். "ஆசிரியர்" கேள்வி கேட்க வேண்டும். "மாணவர்" தவறாகச் சொன்னால் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். தவறு கூடக்கூட அதிர்ச்சியும் கூடும். உண்மையில் மின்சாரம் இல்லை. மாணவர் வலிப்பது போல் நடித்தார். ஆசிரியருக்கு அது தெரியாது. அருகில் நின்ற அதிகாரி, சோதனை தொடரவேண்டும் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது பேரில் 26 பேர், கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நிறுத்தலாமா என்று கேட்டார்கள். ஆனாலும் பொத்தானை அழுத்தினார்கள்.

இந்தச் சோதனைகளை எங்களுக்குச் சொல்லித் தந்த ஆசிரியை இன்னொரு செய்தியும் சொன்னார்கள். அதுதான் இக்கட்டுரையின் உயிர் என்று நினைக்கிறோம். ஆஷின் சோதனையில் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும். கூட்டத்தோடு போய்த் தவறு செய்வது ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிட்டது. மில்கிராமின் சோதனையில் பக்கத்தில் இருந்த இரண்டு "ஆசிரியர்கள்" மறுத்து எழுந்தபோது, நாற்பது பேரில் நால்வர் மட்டுமே கடைசி வரை போனார்கள். 26 எங்கே, 4 எங்கே! மனிதர்கள் மாறவில்லை. பக்கத்தில் இருப்பவர் மறுத்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்த அந்தக் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்திருந்தால்? அதை நினைக்கும்போதுதான் எங்களுக்கு அதிகமாக வலிக்கிறது. ஏனென்றால் அன்று மனத்துக்குள் அதையே நினைத்தவர்கள் பத்துப் பேராவது இருந்தோம் என்பது பிறகு பேசிப் பார்த்தபோது தெரிந்தது. ஒவ்வொருத்தியும் தான் மட்டுமே அப்படி நினைப்பதாக எண்ணி வாய் மூடி நின்றாள்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆவடியும் அதன் சுற்றுப்புறமும் காக்கிச் சட்டைக்குப் புதியவை அல்ல. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகளும், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும் இங்கே இருக்கின்றன. 2022 முதல் ஆவடிக்கெனத் தனிக் காவல் ஆணையரகமும் உண்டு. அங்கிருந்து வரும் தோழியர் சிலருக்குப் பொழுது விடிவதே அணிவகுப்பு விசில் சத்தத்தில்தான். எங்கள் வகுப்பில் காவலர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருத்தி, "எங்கள் அப்பாவைப் பற்றி எழுதுகிறீர்களா?" என்று கண் கலங்கக் கேட்டாள். அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அப்பா எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"பண்டிகை, தேர்தல், ஊர்வலம்னா வீட்டுக்கு வரவே ரெண்டு நாள் ஆகும்மா. கல்லு எறியற கூட்டத்துக்கு முன்னாடி நின்னு பார்த்தாத்தான் தெரியும்" என்றார். நாங்கள் மறுக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார்: "ஆனா ஸ்டேஷனுக்குள்ள கைகட்டி நிக்கறவனை அடிக்கறது வேற. புதுசா வந்தப்ப ஒரு தடவை நான் அடிக்காம ஒதுங்கி நின்னேன். 'இவன் நம்ம ஆளு இல்லப்பா'ன்னு சொன்னாங்க. அடுத்த தடவை ஒதுங்கலை. அது இன்னும் மனசுல இருக்கு."

அவர் சொன்னதில்தான் பலம் எது, பலவந்தம் எது என்ற வேறுபாடு எங்களுக்கு விளங்கிற்று. கல் எறிபவனைத் தடுத்து நிறுத்துவதும், தப்பி ஓடுபவனைப் பிடிப்பதும் காவல் பணி. அதற்கு வேண்டிய அளவு பலத்தைச் சட்டம் அனுமதிக்கிறது; வேண்டிய அளவுக்கு மேல் அனுமதிக்கவில்லை. பிடிபட்டவனைத் தண்டிக்கும் உரிமை காவலருக்கு இல்லை. அது நீதிமன்றத்துக்கே உரியது. கைது செய்தால் குறிப்பேடு எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே விதித்துவிட்டது. காவல் நிலையம்தோறும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் சொன்னது. விதிகளுக்குக் குறைவில்லை. விதியை மீறும்போது "வேண்டாம் சார்" என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை, குறை அங்கேதான்.

அந்தப் பக்கத்து ஆள் காவலர் மட்டுந்தானா? நாமும்தான். 2019 டிசம்பர் 6-ஆம் நாள் ஹைதராபாத் அருகே நான்கு இளைஞர்கள் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கால்நடை மருத்துவராக இருந்த ஒரு பெண்ணைக் கொடூரமாகக் கொன்றதாக அவர்கள்மேல் குற்றச்சாட்டு. துப்பாக்கியைப் பறித்துத் தாக்கியதால் சுட்டோம் என்றார்கள் போலீஸார். ஊரே மகிழ்ந்தது. போலீஸார்மீது பூமாரி பொழிந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைத்து எங்களில் பலர் வீட்டிலும் அன்று கைதட்டினோம். பெண்களாகிய நமக்காகத்தான் சுட்டார்கள் என்று நம்பினோம். ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் கமிஷன், போலீஸாரின் கூற்று நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை தந்தது. அது 2022 மே மாதம் வெளியாயிற்று. இறந்த நால்வரில் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது கூறிற்று. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் முறையான தீர்ப்பு ஒன்று கிடைக்காமலே போயிற்று.

"மக்களே இதைத்தான் விரும்புகிறார்கள்" என்பது அதிகாரத்தின் மிக வலிமையான சமாதானம். அந்தச் சமாதானத்தை அதன் கையில் கொடுப்பது நம் கைதட்டல். "உன் நன்மைக்குத்தான் அடிக்கிறேன்" என்பது இன்னொரு சமாதானம். இது வீட்டிலும் பள்ளியிலும் கேட்பது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்த பிறகும் "அந்தக் காலத்துப் பிரம்படி போயிற்று, ஒழுக்கமும் போயிற்று" என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் உண்டு. அவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பணிவோடு ஒன்று கேட்கிறோம்: அடிக்குப் பயந்து வருவது ஒழுக்கமா, அடிப்பவர் திரும்பும் வரை போடும் வேஷமா?

அதிகாரம் எப்படி நடக்கவேண்டும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்தவர்கள். திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்ற இரண்டு அதிகாரங்களோடு நிறுத்தாமல், குடிகள் அஞ்சும் செயலைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்கென்றே வெருவந்த செய்யாமை என்று மூன்றாவது ஒன்றும் வைத்தார். சிலப்பதிகாரக் கதையும் இதுதானே? அரசியின் சிலம்பு காணவில்லை. அயலூரிலிருந்து வந்தவன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரணை செய்யாமல் பாண்டியன் ஆணையிட்டான். கோவலனைப் பார்த்தவுடன் இவன் கள்வனைப் போல் இல்லையே என்று காவலர்களுக்குத் தயக்கம் வந்தது. பொற்கொல்லன் பேசிப் பேசி அந்தத் தயக்கத்தைக் கலைத்தான். கடைசியில் ஒரு காவலனின் வாள் விழுந்தது. அந்தத் தயக்கம் இன்னும் சற்று நேரம் நின்றிருந்தால் காப்பியத்தின் போக்கே மாறியிருக்கும்!

ஆனால் பாண்டியனிடம் ஒரு பெருமை உண்டு. கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையைக் காட்டியபோது அவன் சமாதானம் சொல்லவில்லை. பொற்கொல்லன்மேல் பழியைப் போடவில்லை. கோவலன் தானே விழுந்து புரண்டான் என்று ஓலை எழுதவும் சொல்லவில்லை. தவறு தன்னுடையது என்று ஏற்று அரியணையிலேயே உயிர் விட்டான்.

நாங்கள் உயிர் விடவேண்டியதில்லை. ஆனால் சமாதானம் சொல்லாமல் இருக்கலாம் அல்லவா? ஆகவே இந்த மலரின் வழியாக எங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்கிறோம். பையைக் கவிழ்த்தவளும் அறைந்தவளும் முன்னமே கேட்டுவிட்டார்கள். சுற்றி நின்ற நாங்கள் இதுவரை கேட்கவில்லை. எங்களுக்குப் பங்கில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவளிடம் இக்கட்டுரையைக் கொடுத்து, அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்டோம். படித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அடி மறந்துபோச்சு. நீங்க யாரும் பேசாம நின்னதுதான் மறக்கலை." அதையும் சேர்த்து எழுதச் சொன்னாள், எழுதிவிட்டோம்.

அடுத்த ஆண்டு எங்கள் பெஞ்சுகளில் உட்காரப் போகும் தங்கையரே! உங்கள் வகுப்பிலும் ஒருநாள் ஏதாவது காணாமற்போகும். யாராவது ஒருத்தியின் பெயர் காற்றில் வரும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, "யார் பார்த்தது?" என்று ஒரு குரல் கேட்டால், இரண்டாவது குரலாக உங்கள் குரல் இருக்கட்டும். முதற்குரலுக்குப் பெரிய தைரியம் வேண்டும்; அது எல்லோருக்கும் வாய்க்காது. இரண்டாவது குரலுக்கு அவ்வளவு தைரியம் வேண்டாம். சரியான நேரத்தில் வாயைத் திறந்தால் போதும். நாளை நீங்கள் ஆசிரியையாகலாம், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராகலாம், ஆவடியில் காக்கிச் சட்டையும் அணியலாம். எங்கே போனாலும் அந்த இரண்டாவது குரலை உடன் கொண்டுபோங்கள்.

"ஊரோடு ஒத்து வாழ்" என்பது நல்ல வாக்குத்தான். ஊர் தவறும்போது "இது வேண்டாம்" என்று சொல்வதும் ஊரோடு வாழ்வதுதான் என்பதை நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டோம். நீங்கள் காலத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்